வோல்ட், ஆம்ப், ஓம், வாட்: கணக்கு ஒத்துவராதபோது எங்கே தேடுவது?

மார்கழியில் ஒரு நாள் எதிர்வீட்டு அக்கா ஹீட்டர் ராடைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, ஒரு வாளித் தண்ணி காய முக்கால் மணி நேரம் ஆகுது. காயில் போயிடுச்சான்னு பாரு." மீட்டரை வைத்தேன். 35.6 ஓம். ராடின் தலையில் 1500 வாட், 230 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 35.3. காயில் நல்ல காயில்தான். அப்படியே சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் கடைக்குப் போய்ப் புது ராடு வாங்கியிருப்பார். அதுவும் முக்கால் மணி நேரம்தான் எடுத்திருக்கும்.

என் மேசைக்கு வரும் பாதிப் புகார்கள் இந்த மாதிரிதான். பொருளில் பழுது இருக்காது, சூத்திரமும் தப்பாது. அதற்குள் போட்ட எண் வேறு இடத்தில், வேறு நேரத்தில் அளந்ததாக இருக்கும். வோல்ட் என்பது மின் அழுத்தம், ஆம்ப் என்பது ஓடும் கரண்ட், ஓம் என்பது தடை, வாட் என்பது திறன். சூத்திரம் என்று பார்த்தால் நான்கே வரிகள்:

ஓம் = வோல்ட் ÷ ஆம்ப்
வாட் = வோல்ட் × ஆம்ப்
வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்
வாட் = ஆம்ப் × ஆம்ப் × ஓம்

முதல் இரண்டு தெரிந்தால் போதும். மற்ற இரண்டும் அவற்றிலிருந்து வருபவை.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வீட்டு லைன் 230 வோல்ட் ஆளைக் கொல்லும். ஓம் அளப்பதென்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஸ்விட்ச் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் கம்பியில்) போட்டிருக்கும் வீடுகள் இன்னும் உண்டு, அங்கே அணைத்த பிறகும் பொருளில் மின் இருக்கும். லைன் கரண்டை அளக்க, கம்பியை அறுக்காமல் அதைச் சுற்றி வளையமாகப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டர் மட்டும்தான். மல்டிமீட்டரை 230 வோல்ட் லைனில் தொடராகச் செருகிப் பார்க்கும் வேலை புதியவர்களுக்கு வேண்டாம். ராடு ஓடும்போது வாளியிலோ தண்ணீரிலோ கை வைக்கக் கூடாது.

ஓம் சரி, ஆனால் சூடு போதவில்லை

அக்கா வீட்டுக்கே போனேன். சமையலறைப் போர்டில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பின்வாசல் வரை ஓடுகிறது. வயரைக் கையில் பிடித்ததுமே தெரிந்துவிட்டது, கல்யாண வீட்டில் சீரியல் லைட்டுக்கு இழுக்கும் மெல்லிய வயர். சந்தேகம் போதாது, எண் வேண்டும்.

முதலில் எதையும் ஓட்டாமல் சுவர் சாக்கெட்டில் பார்த்தேன்: 214 வோல்ட். அடுத்து ராடைத் தண்ணீரில் இறக்கி ஓடவிட்டு, அதே போர்டில் பக்கத்துச் சாக்கெட்டில் பார்த்தேன்: 205. பிறகு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் காலியாக இருந்த இன்னொரு துளையில்: 190. கம்பி எதையும் பிரிக்காமல், பக்கத்துச் சாக்கெட்டிலேயே ஓடும் நிலை வோல்ட்டேஜ் கிடைத்துவிடும். நான் பெரும்பாலும் இப்படித்தான் பார்ப்பேன்.

கிளாம்ப் மீட்டர் 5.4 ஆம்ப் காட்டியது. 190-ஐ 35.3-ஆல் வகுத்தாலும் 5.38 தான். இப்போது ராடின் உண்மையான திறன்: 190 × 5.38 = 1022 வாட். தலையில் அச்சிட்ட 1500-இல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது.

வோல்ட்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்தது, திறன் 32 சதவீதம் குறைந்ததே என்று பலர் குழம்புவார்கள். வோல்ட் குறைந்தால் கரண்டும் கூடவே குறைகிறது, இரண்டும் சேர்ந்து பெருக்கலில் விழுகிறது. அதனால்தான் சூத்திரத்தில் வோல்ட் இரண்டு முறை வருகிறது.

வாளிக் கணக்கும் ஒத்துப்போனது. 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 55 டிகிரிக்கு ஏற்ற சுமார் 25 லட்சம் ஜூல் வேண்டும். 1500 வாட்டில் 28 நிமிடம், 1022 வாட்டில் 41 நிமிடம். வாளியில் இருந்து காற்றுக்குப் போகும் சூட்டையும் சேர்த்தால் அக்கா சொன்ன முக்கால் மணி நேரம் வந்துவிடுகிறது.

எக்ஸ்டென்ஷனில் மட்டும் 15 வோல்ட் விழுகிறது. 15-ஐ 5.38-ஆல் வகுத்தால் 2.8 ஓம். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, இரண்டு முனைக் கனெக்‌ஷன்களும் சேர்ந்த தடை அது. அதில் எரியும் திறன் 15 × 5.38, ஏறக்குறைய 81 வாட். வயரைச் சுருட்டி வைத்திருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும். ராடை நேராகச் சுவரில் செருகிப் பார்த்தோம். 204 வோல்ட், 5.78 ஆம்ப், 1180 வாட். ஐந்தாறு நிமிடம் மிச்சம். மீதிக் குறை தெரு லைனில் வருவது. காலையில் எல்லார் வீட்டிலும் ஹீட்டர் ஓடுகிற நேரம். அதற்கு நானோ அக்காவோ செய்ய ஒன்றுமில்லை, நேரத்தை மாற்றுவதைத் தவிர.

எக்ஸ்டென்ஷன் வேண்டும் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். 15 மீட்டர் நீளத்துக்குப் போகவர 30 மீட்டர், தடை சுமார் 0.4 ஓம். விழுவது இரண்டரை வோல்ட்டுக்குள்.

ராடில் உப்புப் படிந்ததால்தான் சூடு குறைகிறது என்று சொல்பவர்கள் உண்டு. போர் தண்ணீர் ஊர்களில் உப்பு படியத்தான் செய்யும். ஆனால் படிந்த உப்பு ஓமை மாற்றாது, அதனால் வாட்டும் மாறாது. உள்ளே உருவாகும் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். உப்பு செய்யும் கெடுதல் வேறு: சூடு வெளியேறத் தடையாக இருப்பதால் எலிமெண்ட் உள்ளுக்குள் அதிகமாகக் காய்ந்து சீக்கிரம் வெடிக்கும்.

சுமை ஏறினால் வோல்ட் இறங்கும் இந்தத் தொல்லை, ஓம் என்ற அலகுக்குப் பெயர் தந்த விஞ்ஞானியையே படுத்தியிருக்கிறது. கேயோர்க் ஓம் 1825-இல் தொடங்கிய சோதனைகளில் அன்றைய மின்கலங்களைத்தான் வைத்திருந்தார். கரண்ட் ஓடத் தொடங்கியதும் அவற்றின் அழுத்தம் நிலையில்லாமல் போனது, எண்கள் ஒத்துவரவில்லை. பிறகு பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையை (இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தில் மின் தருவது) எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். அழுத்தம் நிலையாக நின்றது, விதியும் பிடிபட்டது. அவர் புத்தகம் 1827-இல் வந்தது.

கணக்குப்படி 882 ஓம், மீட்டர் 65 காட்டுகிறது

பழைய 60 வாட் குண்டு பல்பை எடுத்துச் சோதித்தவர்கள் எல்லாரும் இதில் ஒரு முறை விழுந்திருப்பார்கள். 230 × 230 ÷ 60 = 882. மீட்டரோ அறுபது, எழுபதுதான் காட்டும். இரண்டும் சரி. பல்பின் இழை டங்ஸ்டன். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, வெள்ளையாக எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை, நீங்கள் கணக்கிட்டது எரியும் இழையை.

ஸ்விட்சைப் போட்ட அந்த நொடிக்குள் 230 ÷ 65, அதாவது மூன்றரை ஆம்ப் பாய்கிறது. இழை காய்ந்ததும் 0.26 ஆம்புக்கு இறங்கிவிடும். பல்பு பெரும்பாலும் போடும்போதுதான் பட்டென்று போகும், எரிந்துகொண்டிருக்கும்போது போவது குறைவு. காரணம் இதுதான்.

அயர்ன் பாக்ஸ், கீசர், ராடு இவற்றில் இருப்பது நிக்ரோம். சூடானாலும் அதன் தடை சில சதவீதமே மாறும். 750 வாட் அயர்ன் பாக்ஸுக்குக் கணக்கு 70.5 ஓம், மீட்டரில் 68 முதல் 72 வந்தால் நல்லது. 2000 வாட் கீசருக்கு 26.5. முடிவில்லாத தடை என்று காட்டினால் காயில் அறுந்தது, அல்லது சூடு மிஞ்சினால் இணைப்பைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட், கட்-அவுட் திறந்திருக்கிறது. அவற்றை விலக்கிவிட்டு எலிமெண்ட் முனைகளில் நேராகப் பாருங்கள். எல்.இ.டி. பல்பில் ஓம் பார்ப்பது வீண்வேலை. உள்ளே இருப்பது மின்னணுச் சுற்று, தடைக் காயில் கிடையாது.

மோட்டாரின் ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் 77 ஆம்ப் வருகிறது

ஒரு ஹெச்.பி. போர் மோட்டாரின் ஓடும் காயிலை அளந்தால் 3 ஓம் அளவில் இருக்கலாம். 230-ஐ மூன்றால் வகுத்து 77 ஆம்ப், 17,600 வாட் என்று கண்டுபிடித்து மலைத்துப் போய் ஒருவர் கேட்டார், "இது எப்படிண்ணே ஃப்யூஸ் போகாம ஓடுது?"

மோட்டார் ஓடும்போது கரண்டைத் தடுப்பது செம்பின் தடை மட்டும் இல்லை. சுழல்வதாலும் காந்தப்புலம் மாறுவதாலும் காயிலுக்குள்ளேயே எதிர் அழுத்தம் உருவாகிறது. அதைத் தாண்டித்தான் கரண்ட் போக வேண்டும். அதனால் கிளாம்பில் ஆறு, ஏழு ஆம்ப்தான் வரும். சுழற்சி நின்றுவிட்டால் அந்தத் தடுப்பில் பெரும்பகுதி போய்விடும். ம்ம்ம் என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் கரண்ட் பல மடங்கு ஏறுவதைக் கிளாம்பில் கண்ணாலேயே பார்க்கலாம். அப்போது மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டரையோ, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சிக்கியிருக்கிறதா என்றோ பாருங்கள். கையோடு ஸ்விட்சை அணையுங்கள், பார்த்துக்கொண்டே நின்றால் காயில் கருகும்.

இன்னொரு இடறல், 225 வோல்ட்டை 6.5 ஆம்பால் பெருக்கி 1463 வாட் என்று எழுதுவது. அது வோல்ட்-ஆம்பியர். மோட்டாரில் வோல்ட்டும் கரண்டும் ஒரே சமயத்தில் உச்சிக்குப் போவதில்லை, கரண்ட் பின்தங்குகிறது. பெருக்கி வந்ததில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பதுதான் பவர் ஃபேக்டர். அது 0.8 என்றால் உண்மையான வாட் 1170. ஒரு ஹெச்.பி. என்பது தண்டில் கிடைக்கும் 746 வாட். மீதி காயில் சூடு, இரும்புச் சூடு, உராய்வு.

ஹீட்டர் பழக்கத்தில் மோட்டாரையும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடமும் இதுவே. வோல்ட்டேஜ் குறைந்தால் ஹீட்டர் கரண்ட் குறையும். தண்ணீர் இழுத்துக்கொண்டிருக்கும் மோட்டாரில் கரண்ட் ஏறும். அதே வேலையைக் குறைந்த அழுத்தத்தில் செய்ய வேண்டியிருக்கிறது அல்லவா? லோ வோல்ட்டேஜில் ஹீட்டர் மெதுவாகும், மோட்டார் காயில் எரியும்.

ஆம்ப் அளவுக்குள்தான் இருக்கிறது, பிளக் மட்டும் கருகுகிறது

2000 வாட் கீசர் 8.7 ஆம்ப் எடுக்கும். பிளக்கும் சாக்கெட்டும் 16 ஆம்ப். அளவுக்குப் பாதிதான், ஆனாலும் ஒரு முள் மட்டும் பழுப்பேறி பிளாஸ்டிக் இளகியிருக்கும். கம்பெனி சரக்கு மோசம் என்று திட்டுவதற்கு முன் நான்காவது சூத்திரத்தைப் போடுங்கள். முள்ளும் சாக்கெட்டின் பித்தளைப் பிடியும் தொடும் இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைப்போம். 8.7 × 8.7 × 0.5 = 38 வாட். ரேடியோ மெக்கானிக் மேசையில் கிடக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் ஒன்றரையை அந்த முள்ளின் முனையில் செருகி வைத்த மாதிரி.

இதில் மோசம் என்னவென்றால் கீசருக்குக் குறையே தெரியாது. விழுவது நாலு வோல்ட்டுதான், தண்ணீர் வழக்கம்போல் காயும். மல்டிமீட்டரில் அந்த அரை ஓமைப் பிடிப்பதும் கஷ்டம், மீட்டரின் சொந்த லீட் வயரே அரை ஓம் காட்டும். கையே நல்ல மீட்டர். பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி மூன்று முள்ளையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கம்தான் லூஸ். எர்த் முள் சுடவே கூடாது.

பிளக்கை மட்டும் மாற்றிக்கொடுத்துவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியனிடம் சாக்கெட்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரு முறை காய்ந்த பித்தளைப் பிடி இறுக்கத்தை இழந்துவிடும். புது முள்ளையும் அது லூசாகத்தான் பிடிக்கும், ஆறு மாதத்தில் அதே கருகல். போர்டைத் திறந்த கையோடு மெயினை அணைத்துவிட்டு உள்ளே உள்ள ஸ்குருக்களையும் இறுக்குங்கள்.

கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

முழு வயரையும் வளையத்துக்குள் விட்டிருக்கிறீர்கள். போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு கம்பி மட்டும் உள்ளே போக வேண்டும். அரை மீட்டர் வயரில் பிளக்கும் சாக்கெட்டும் மாட்டி, நடுவில் மேல் உறையை மட்டும் உரித்து, தனிக் கம்பிகளை வெளியே தெரியவிட்டு ஒரு துண்டு செய்து வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகும் பையில் அது எப்போதும் இருக்கும். கரண்ட் சின்னதாக இருந்தால் ஒரே கம்பியைப் பத்துச் சுற்று வளையத்தில் சுற்றி, வந்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டரில் ஆம்ப் வரவில்லை, அல்லது புகை வந்தது

இரண்டாவது எனக்கு நடந்தது. தொழில் பழகிய காலத்தில் 12 வோல்ட் பேட்டரி "எத்தனை ஆம்ப் இருக்கிறது" என்று பார்க்க, சிவப்பு லீடை 10 ஆம்ப் துளையில் செருகி இரு முனைகளிலும் நேராக வைத்தேன். ஆம்ப் துளைக்குள் இருப்பது கம்பித் துண்டு மாதிரிதான், தடை கிட்டத்தட்ட பூஜ்யம். 12-ஐ பூஜ்யத்துக்கு அருகில் உள்ள எண்ணால் வகுத்தால் என்ன வரும் என்று வகுப்பில் படிக்காததை விரல் படித்தது. லீடின் உறை கையிலேயே உருகியது.

கரண்ட் என்பது சுமையின், அதாவது ஓடும் பொருளின், வழியாகப் போவது. மீட்டரைச் சுமையோடு தொடராக வைக்க வேண்டும். வோல்ட் பார்க்கும்போது குறுக்கே வைக்கிறோம். ஆம்ப் பார்த்து முடிந்ததும் சிவப்பு லீடை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அடுத்த நாள் சாக்கெட்டில் வைத்தவர்கள் கதைகள் இதைவிட மோசம்.

மில்லி ஆம்ப் எப்போதுமே பூஜ்யம் காட்டினால் உள்ளே ஃப்யூஸ் போயிருக்கும், பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மலிவு மஞ்சள் மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்ப் துளைக்கு ஃப்யூஸே கிடையாது. வோல்ட் எல்லாமே கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் மீட்டருக்குள் உள்ள 9 வோல்ட் பேட்டரியை மாற்றுங்கள். அது சோர்ந்துபோனால் இந்த வகை மீட்டர்கள் கூட்டித்தான் காட்டும்.

சின்ன ஓம் அளக்கும்போது முதலில் இரு லீடையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். அக்காவின் ராடில் 35.6 வந்ததில் 0.3 லீடுக்குச் சொந்தம்.

வந்த விடை ஆயிரம் மடங்கு தப்பு

பைக்கில் ஒரு வெள்ளை எல்.இ.டி. போட ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கும் தடை) கணக்கு. பேட்டரி 12, எல்.இ.டி. எடுப்பது 3, மீதி 9 வோல்ட், வேண்டிய கரண்ட் 20 மில்லி ஆம்ப். 9-ஐ 20-ஆல் வகுத்து 0.45 ஓம் என்று எழுதி, கிட்டத்தட்ட நேராகவே கொடுத்து எல்.இ.டி.யை எரித்த பையன்கள் நிறைய. வோல்ட்டை மில்லி ஆம்பால் வகுத்தால் வருவது கிலோ ஓம். 0.45 கிலோ ஓம் என்றால் 450 ஓம், கடையில் கிடைப்பது 470. வோல்ட்டை மில்லி ஆம்பால் பெருக்கினால் வருவது மில்லி வாட். இந்த இரண்டையும் மனதில் வைத்தால் புள்ளி வைக்கும் தொல்லையே இல்லை.

470-ஐப் போட்டுக் கால் வாட் ரெசிஸ்டர் மாட்டினால் மேசையில் நன்றாக எரியும். 19 மில்லி ஆம்ப், 172 மில்லி வாட். வண்டியில் மாட்டினால் ரெசிஸ்டர் அளவுக்கு மீறிக் காயும். இஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது 14.4 வோல்ட். மீதி 11.4, கரண்ட் 24 மில்லி ஆம்ப், ரெசிஸ்டரில் 276 மில்லி வாட். கால் வாட் என்பது 250 தான். 560 ஓம், அரை வாட் போட்டுவிடுங்கள்.

வயரில் 90 வோல்ட் காட்டுகிறது, எதுவும் ஓடவில்லை

அது பெரும்பாலும் பேய் வோல்ட்டேஜ். அறுந்த கம்பி பக்கத்தில் ஓடும் ஃபேஸ் கம்பியிடமிருந்து துளி மின்னைத் தூண்டலாக வாங்கிக்கொள்ளும். மீட்டரின் உள்தடை மெகா ஓம் கணக்கில் இருப்பதால் அந்தத் துளியும் எண்ணாகத் தெரிகிறது. அங்கே ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி மறுபடி பாருங்கள். வோல்ட் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. குண்டு பல்பு ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

எல்லாம் அளந்தாயிற்று, வாட் சரியா என்று எப்படி நம்புவது?

இ.பி. மீட்டர் இருக்கிறதே. அதில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல், 3200-ஆல் வகுத்தால் ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். மினுக்கல் எண்ணிக்கையை 1125-ஆல் பெருக்கி, ஆன வினாடியால் வகுத்தால் வாட். பவர் ஃபேக்டர் தகராறும் இதில் இல்லை. ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ண வேண்டும்.

அக்கா வீட்டில் அந்த மெல்லிய எக்ஸ்டென்ஷனோடு ராடு ஓடியபோது போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து மினுக்கல் எண்ணினேன். பத்து வினாடி, அதாவது 1125 வாட். ராடின் முனையில் வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கி வந்தது 1022. இடையில் 103 வாட் இடிக்கிறது. எக்ஸ்டென்ஷனில் எரியும் 81-ஐக் கழித்தால் மீதி 22. அது வீட்டு வயரிங்கில் போவது, ஓமாகப் பார்த்தால் முக்கால் ஓம். அந்த முக்கால் ஓம் எந்த ஜங்ஷன் பாக்ஸில் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏணி எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அக்கா.